சென்னையில் தோற்ற காப்புரிமை

மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். 'நாள்பட்ட மைலாய்டு லுகேமியா' எனும் ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வைக்கப்பட்ட விலை இது. ஒரு மாதம் வாங்கிவிட்டு நிறுத்திவிட முடியாது. பெரும்பாலானவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கியாக வேண்டும். அதே மருந்தை இமாட்டினிப் என்ற அதன் பொதுப்பெயரில் இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் விற்றன. எந்த விலை நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்க நடந்த வழக்கின் பெரும்பகுதி சென்னையில்தான் நடந்தது.

அந்த வழக்கின் வேர் 1959-இல் இருக்கிறது. விடுதலை பெற்ற பிறகும் இந்தியாவில் 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டினர் கையில். மருந்து விலையோ உலகிலேயே உயர்ந்த விலைகளில் ஒன்று என்று அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழுவே பின்னாளில் சொல்லும் அளவுக்கு இருந்தது. இந்தச் சட்டத்தை அலசும் பொறுப்பு, அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் வந்தது. 1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கைதான் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம்.

அந்தச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் அது செய்முறைக் காப்புரிமை மட்டுமே தந்தது, பொருளுக்குத் தரவில்லை. ஊருக்குப் போகும் ஒரு சாலையில் சுங்கம் வாங்கலாம், ஊரையே வேலி போட்டு அடைக்க முடியாது என்பது போன்ற ஏற்பாடு. வேறு வேதிவழியில் அதே மருந்தைத் தயாரிக்க யாருக்கும் தடையில்லை. செய்முறைக்குக் கிடைத்த உரிமையும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள்தான். இந்த வழியில் வளர்ந்த சிப்லா நிறுவனம் 2001-இல் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, பன்னாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் சிகிச்சை பெற வழி திறந்ததில் ஐயங்கார் அறிக்கைக்கும் பங்குண்டு. இந்தத் தலைமுறை அவர் பெயரை அறியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தந்தாக வேண்டிய கட்டாயம் இந்தியாவுக்கு வந்தது. மக்கள் நலவாழ்வு இயக்கங்கள் போராடின. அன்றைய ஆட்சியைத் தாங்கி நின்ற இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் அழுத்தம் கொடுத்தன. அதன் பலனாகத் திருத்தச் சட்டத்தில் 3(டி) பிரிவு இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் செயல்திறன் கணிசமாகக் கூடினால் ஒழியக் காப்புரிமை இல்லை. பழைய மருந்தைச் சற்றே மாற்றி இன்னொரு இருபது ஆண்டு உரிமை கேட்கும் வழக்கத்துக்கு அது போட்ட பூட்டு.

பூட்டின் வலிமையைச் சோதித்தது கிளிவெக். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2003-இல் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்திய நிறுவனங்களுக்கு எதிராகத் தடையும் பெற்றது. மலிவு மாத்திரையால் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் விண்ணப்பத்தை எதிர்த்து மனுக் கொடுத்தது; இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது.

நோவார்ட்டிஸ் சட்டப்பிரிவையே எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்டில் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. 2009-இல் சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை தர மறுத்தது. கடைசியாக உச்ச நீதிமன்றம். புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதிட்டது. உடலில் கூடுதலாகச் சேர்வது மட்டும் போதாது, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியதா என்பதைக் காட்ட வேண்டும் என்றனர் நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும். 2013 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானது.

நோவார்ட்டிஸ் பல ஆயிரம் நோயாளிகளுக்குக் கிளிவெக்கை இலவசமாகக் கொடுத்ததும் உண்மை. அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாருக்குத் தருவது, எத்தனை நாள் தருவது என்பதை நிறுவனமே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. பக்கத்து மருந்துக்கடையில் கட்டுப்படியான விலையில் கிடைக்கும் மாத்திரை அப்படி யாருடைய தயவையும் எதிர்பார்க்க வைப்பதில்லை.

இதற்கிடையில் இன்னொரு கதவும் திறந்தது. பேயர் நிறுவனத்தின் நெக்சாவர், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான மருந்து. மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமை அலுவலர் பி.எச். குரியன் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். விலை 9,000 ரூபாய்க்குக் கீழே வந்தது. அந்த ஆணையை மறு ஆண்டு மேல்முறையீட்டு வாரியத்தில் உறுதி செய்தவர், அப்போது அதன் தலைவராக இருந்த அதே பிரபா ஸ்ரீதேவன். அதற்குப் பிறகு எந்த மருந்துக்கும் இந்தியா கட்டாய உரிமம் தரவில்லை. சட்டத்தில் இருக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது அரசுகளின் துணிவின்மை என்றே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு மனு என்ற வழியை நோயாளிகள் கைவிடவில்லை. மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. காசநோயிலிருந்து மீண்டு, பழைய மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர், அதை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் வென்றார்கள்.

அடுத்த ஆண்டே விதிகள் மாறின. 2024 திருத்தத்தின்படி, காப்புரிமை தருமுன் எதிர்ப்பவர் கட்டணம் செலுத்த வேண்டும். மனுவை ஏற்பதா என்பதை அலுவலர் முதலில் முடிவு செய்வார். கிளிவெக்கை எதிர்த்த நோயாளர் சங்கத்துக்கும் பெடாகுயிலினை எதிர்த்த பெண்களுக்கும் இருந்த வழி இப்போது குறுகியிருக்கிறது. நோயாளிகளுக்கும் அவர்களுக்காக வாதாடும் சங்கங்களுக்குமாவது இந்தக் கட்டணத்தை அரசு திரும்பப் பெற வேண்டும்.