அரசனுக்கும் சட்டம் உண்டு என்ற பேராயர்

பைபிள் வசனங்களை 'யோவான் 3:16' என்று எண்ணோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 3 அதிகாரத்தின் எண். பைபிளை இப்படி அதிகாரங்களாகப் பிரித்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஸ்டீவன் லாங்டன். பாரிஸில் பல ஆண்டுகள் இறையியல் கற்பித்த ஆங்கிலேயர். தமிழ் பைபிளிலும் அந்தப் பிரிவுதான் இருக்கிறது. ஆனால் நான் அவரைப் பற்றி எழுத வந்தது வேறொரு காரணத்துக்காக.

1207ஆம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் லாங்டனைக் காண்டர்பரிப் பேராயராக அபிஷேகம் செய்தார். இங்கிலாந்து மன்னர் ஜான் அந்தப் பதவியில் தன் ஆளை அமர்த்த நினைத்திருந்தார். அதனால் லாங்டனை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. பாப்பரசரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1208இல் இங்கிலாந்து முழுவதும் வழிபாட்டுக்குத் தடை விதித்தார். ஆலய மணிகள் அடங்கின. இறந்தவர்களை ஆலயச் சடங்கு இல்லாமலே புதைத்தார்கள். இரண்டு பெரிய மனிதர்களின் சண்டையில் ஆறு வருடம் கஷ்டப்பட்டது சாதாரண சனங்கள்தான். லாங்டன் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைப் பிரான்சில் ஒரு மடத்தில் கழித்தார்.

பிரான்ஸ் படையெடுத்து வரும் என்ற பயத்தில் ஜான் 1213இல் பணிந்தார். லாங்டன் நாடு திரும்பினார். அப்போது ஜானின் வரிகளாலும் விசாரணையில்லாத தண்டனைகளாலும் பிரபுக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசியவர் லாங்டன். 1215 ஜூன் மாதம் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில் மாக்னா கார்ட்டா உடன்பாடு உருவானது. மன்னருக்கு ஆலோசனை சொன்னவர்கள் என்று அதன் முன்னுரை தரும் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

அதன் 39ஆவது பிரிவு சொல்வது இதுதான்: எந்தச் சுதந்திர மனிதனையும் சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சிறைப்பிடிக்கவோ, சொத்தைப் பறிக்கவோ, நாடு கடத்தவோ கூடாது. அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதே இதன் பொருள்.

ஆனால் பாப்பரசர் அதே ஆகஸ்ட் மாதம் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். கலகம் செய்த பிரபுக்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும்படி கட்டளையும் வந்தது. அதை நிறைவேற்ற மறுத்த லாங்டன் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். தன்னைப் பேராயராக்கிய பாப்பரசரிடமே 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

மென்பொருள் வேலையில் நாங்கள் முதல் வெர்ஷனை அவ்வளவாக நம்புவதில்லை. மாக்னா கார்ட்டாவும் அப்படித்தான். முதல் வெர்ஷன் சில வாரங்களே தாங்கியது. ஜான் இறந்த பிறகு 1216, 1217, 1225 என்று திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள். நிலைத்தது 1225இன் வடிவம். புதிய வரிக்கு ஈடாக மன்னர் மூன்றாம் ஹென்றி அதைக் கொடுத்தார். லாங்டன் அதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். அதை மீறுபவர்களைத் திருச்சபை விலக்கும் என்று ஆயர்களோடு சேர்ந்து அறிவித்தார்.

இதோடு முடித்தால் நல்ல கதாநாயகன் கதை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

1222இல் லாங்டன் ஆக்ஸ்போர்டில் ஒரு திருச்சபை மாநாட்டைக் கூட்டினார். யூதர்கள் தங்கள் உடையின் மேல் தனி அடையாளம் அணிய வேண்டும், புதிய தொழுகைக்கூடம் கட்டக்கூடாது என்று அந்த மாநாடு விதித்தது. அடையாளம் அணிய வேண்டும் என்று அரசு 1218இலேயே உத்தரவிட்டிருந்தது. மாநாடு அதைத் திருச்சபைச் சட்டமாகவும் ஆக்கியது. யூத மதத்துக்கு மாறிய ஒரு திருத்தொண்டரை அதே மாநாடு குற்றவாளியாகத் தீர்த்தது. அவர் எரித்துக் கொல்லப்பட்டார். 1290இல் மன்னர் முதலாம் எட்வர்ட் யூதர்கள் எல்லோரையும் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றினார். 2022ஆம் ஆண்டு, அந்த மாநாடு நடந்து 800 வருடம் ஆனபோது, ஆக்ஸ்போர்டு பேராலயத்தில் அதற்காக வருந்தி ஒரு வழிபாடு நடந்தது.

அரசனுக்கு முன்னால் உரிமை கேட்ட அதே மனிதர்தான் தன்னைவிடப் பலவீனமானவர்கள் மேல் அடையாளம் குத்தினார். 39ஆவது பிரிவைத் திரும்பப் படியுங்கள். 'சுதந்திர மனிதன்' என்று இருக்கிறது. நிலத்தோடு கட்டப்பட்டிருந்த பண்ணையடிமைகள் அதில் இல்லை. அன்று நாட்டில் ஏராளமானோர் அவர்கள்தான்.

பிற்காலத்தில் பலர் போராடித்தான் அந்தச் சொல்லுக்குள் எல்லோரையும் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவின் பிற்கால வடிவம் இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னமும் இருக்கிறது. சிறுபான்மையாக வாழும் நமக்கும் அதுதான் பாதுகாப்பு. அதனால் யாராவது 'உரிமை' என்று பேசும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது? நாம் எழுதும் பட்டியல்களையும் நீங்கள் அப்படியே பாருங்கள்.