மஸ்கெலியாக் கல்யாணங்களும் பிரஜாவுரிமையும்

மஸ்கெலியாத் தோட்டங்களில் கல்யாணப் பேச்சு நீண்ட காலம் இரு கரைக்கும் பொதுவாகவே நடந்தது. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்களுக்கு ‘ஊர்’ என்றால் இந்தியக் கிராமம்தான். அத்தை மகளும் மாமன் மகனும் அங்கே பாதி, இங்கே பாதி. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பின், ஊரிலிருந்து வரும் பெண் தலைமன்னாரில் இறங்கிக் கோச்சியேறினால் அட்டன் வரை வந்துவிடலாம். மண்டபம் முகாமில் உடல்நலம் பார்ப்பார்கள். அவள் எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்வி எழவில்லை. இரு கரையிலும் ஆட்சி ஒன்றே.

அந்தக் கேள்வி சுதந்திரத்தோடு வந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளைப் பரம்பரைப் பிரஜை, பதிவுப் பிரஜை என இரண்டாகப் பிரித்தது. பரம்பரை என்றால் தந்தை வழி. தாய் வழிக்கு இடமில்லை. பிரஜை ஒருவரை மணந்தவர் ஓராண்டு இலங்கையில் வசித்தபின் பதிவுக்கு மனுச் செய்யலாம் என்ற வசதியும் அதில் இருந்தது. தாராளமான ஏற்பாடுதான். ஆனால் மணப்பதற்குப் பிரஜை வேண்டுமே! லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் இருந்த முறைப்பெண்ணும் முறைப்பையனும் ஒரே இரவில் நாடற்றவர்களாகியிருந்தார்கள்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்பாக, திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். மனுச் செய்ய இரண்டு ஆண்டு தவணை. குடும்பஸ்தன் வேரூன்றியவன் என்ற நினைப்பில்தான் அவனுக்கு மூன்று ஆண்டு சலுகை. அதே கல்யாணம் அவனுக்கு எதிராகவும் திரும்பியது: மனைவியும் இளவயதுப் பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்ததையும் காட்ட வேண்டியிருந்தது. பிரசவத்துக்கோ மாமியாரைப் பார்க்கவோ ஊருக்குப் போன மனைவி, கணவனின் மனுவில் சந்தேகக் குறியானாள். கணவன் இங்கே நிலைத்து வாழ வந்தவனா என்று அளந்து பார்க்கும் படிக்கல்லாகவே மனைவியைச் சட்டம் வைத்தது. அவளுக்கென்று ஒரு நாடு உண்டா என்பதை அது கேட்கவில்லை.

வாக்குரிமையும் இதோடு போயிற்று. 1947இல் மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஜீ. ஆர். மோத்தா பாராளுமன்றம் சென்றார். அந்தக் கட்சிக்கு அன்று மலைநாட்டில் ஏழு ஆசனங்கள். 1952 தேர்தலில் ஒன்றும் இல்லை.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கில் உறவுமுறைக்கு இடமில்லை. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் தங்கைக்கு இலங்கைப் பதிவும் கிடைத்த வீடுகள் இருந்தன. பதிவு பெற்ற பெண் இந்தியப் பாஸ்போர்ட்காரனைக் கட்டினால், தந்தை வழிச் சட்டத்தின்படி பிள்ளை இலங்கைப் பிரஜை ஆகாது. தோட்டத்திலேயே பிறந்தாலும் அப்படித்தான். பேசி வைத்த முறைமாப்பிள்ளைக்கு எந்த நாடு கிடைத்தது என்பது இனிக் கல்யாணத்தையே தீர்மானிக்கும் கேள்வி. அட்டனிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அதே காலத்தில், 1969இல், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரமும் முழுகியது. வரட்சியில் நீர் வற்றினால் இன்றும் பழைய கோயில் தலைகாட்டும்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் புறப்படாதவர்கள் இடையில் மாட்டிக்கொண்டார்கள். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பலருக்குப் பிரஜாவுரிமை தந்தன. மிச்சம் இருந்தவர்களை 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பேசப்பட்டிருக்க வேண்டும்: தாய் இலங்கைப் பிரஜை என்றால் பிள்ளையும் பிரஜை என்ற உரிமையை அதுதான் தந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிந்திய நீதி.

அக்கரையில் 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டம் தொடக்கத்தில் இந்தியக் குடிமகனை மணந்த பெண்ணுக்கு மட்டுமே பதிவுரிமை அளித்தது. 1986 திருத்தம் அதை ஆணுக்கும் விரித்தது. ஆனால் 2003இல் அங்கு வந்த திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று கருதப்படுவோருக்குப் பதிவை மறுத்தது. இதனால் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கை அகதிகள் உள்ளூரில் மணந்தாலும் குடியுரிமை எட்டாமல் நிற்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து முறையான விசாவில் தமிழ்நாட்டுக்கு மருமகளாகப் போகும் பெண், பதிவுக்கு மனுச் செய்யுமுன் இன்று இந்தியாவில் வசிக்க வேண்டிய காலம் ஏழு ஆண்டு. 1949இல் அவளுடைய பாட்டனிடம் இலங்கை கேட்டதும் அதே ஏழு ஆண்டுதான்.