புனே பிளேக் எதிர்ப்பு (1897)

பிளேக் கொள்ளைநோயைத் தடுக்க ஆங்கிலேய அரசு கையாண்ட கெடுபிடிகளுக்கு எதிராகப் புனே நகரில் எழுந்த மக்கள் கொந்தளிப்பு. 1896-இல் பம்பாயில் தலைகாட்டிய நோய் விரைவிலேயே புனேவுக்கும் பரவியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்கள் சட்டம் இயற்றப்பட்டு, அதிகாரிகளுக்குப் பரந்த அதிகாரம் வழங்கப்பட்டது. புனேயின் பிளேக் குழுவுக்கு ஐ.சி.எஸ். அதிகாரி டபிள்யூ. சி. ராண்ட் தலைவரானார்.

வீட்டுச் சோதனைக்கு ராணுவச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் சமையலறை, பூஜையறைக்குள்ளும் நுழைந்தனர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனிமை முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர், துணிமணிகள் எரிக்கப்பட்டன. பெண்களைச் சோதித்த விதம் மக்களின் கோபத்தைக் கிளறியது. இதனால் பலர் நோயை மறைத்தனர்; சிலர் ஊரைவிட்டே வெளியேறினர். பால கங்காதர திலகரின் ‘கேசரி’ இதழ் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது.

1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்புகையில், கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்ட்டும் சுடப்பட்டனர். அயர்ஸ்ட் உடனே உயிரிழந்தார். ராண்ட் ஜூலை 3-இல் இறந்தார். இந்தத் தாக்குதலுடன் தொடர்புடைய சாபேகர் சகோதரர்களான தாமோதர், பாலகிருஷ்ணர், வாசுதேவ் ஆகியோர் பின்னர் தூக்கிலிடப்பட்டனர். ‘கேசரி’யில் வெளியான எழுத்துகளுக்காகத் தொடரப்பட்ட அரசதுரோக வழக்கில் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1897-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் கொரோனா பரவலின்போதும் இந்தியாவில் நடைமுறைப்படுத்தப்பட்டது.