நான்கு ஸ்க்ரூவின் கதை



போன வாரம் பேரனின் எலெக்ட்ரிக் கிட்டார் மக்கர் பண்ணியது. ஒயரைத் தொட்டாலே கரகர சத்தம், பிறகு சத்தமே இல்லை. ஒரு கடையில் காட்டியதற்கு, "உள்ளே எல்லாமே மாற்றணும், அதற்குப் புதிதே வாங்கிடலாம்" என்றார்களாம். பையன் முகம் வாடிப்போயிருந்தது. "கொண்டா, பார்ப்போம்" என்றேன். "தாத்தா, உங்களுக்குத்தான் கிட்டாரே வாசிக்கத் தெரியாதே" என்றான். "அதை வடிவமைத்தவருக்கும் தெரியாதுடா" என்றேன். நம்பவில்லை. அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் லியோ ஃபெண்டர். 1909-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். படித்தது கணக்கியல். பொருளாதார மந்தக் காலத்தில் வேலை போனது. 1938-இல் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். உள்ளூர் இசைக்கலைஞர்கள் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர்களை அங்கே கொண்டுவந்தார்கள். ஒரு கருவி எங்கே கெடும், அதைத் திறப்பது எத்தனை பாடு என்பதை அந்த மேஜையில்தான் கற்றார்.

அதற்கு முன்பும் மின் கிட்டார்கள் இருந்தன. கிப்சன் கம்பெனி 1936-இல் வெளியிட்ட இ.எஸ்.150 பெயர் பெற்றது. ஆனால் அது உள்ளே கூடு. கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போனால் மேலேயுள்ள துளை வழியாகத் துழாவ வேண்டும். கழுத்து கெட்டால் பெரிய ஆசாரியிடம்தான் போக வேண்டும்.

ஃபெண்டர் 1950-இல் கொண்டுவந்த கிட்டாரில் (1951 முதல் அதன் பெயர் டெலிகாஸ்டர்) உடல் கெட்டிக்கட்டை. கழுத்து தனி, பின்னால் ஓர் இரும்புத் தகடு, நான்கு ஸ்க்ரூ, அவ்வளவுதான். குமிழ்கள் உள்ள தகட்டுக்கு இரண்டே ஸ்க்ரூ. போட்டிக் கம்பெனிகள் 'துடுப்பு' என்று கேலி செய்தன. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் முன்பக்கத் தகட்டைக் கழற்றினால் பிக்கப், குமிழ் எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

1965-இல் கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். 1971 வாக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நான்கு ஸ்க்ரூ மூன்றானது. அளவு பிசகிய கிட்டார்களில் கழுத்து பக்கவாட்டில் ஆடுகிறது என்று வாசிப்பவர்கள் குறைபட்டார்கள். பிறகு மறுபடியும் நான்கு!

பேரனுடையது அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்த விலை குறைந்த கிட்டார். ஒயர் சொருகும் ஜாக்கின் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றிப் பார்த்தால் நட் விரலாலேயே சுழன்றது. நோய் அதுதான். இதில் பலரும் செய்யும் தவறு, வெளியிலிருந்து நட்டை மட்டும் முறுக்குவது. அப்போது ஜாக்கும் கூடவே சுழன்று உள்ளே சால்டர் அறுந்துவிடும். உள்ளே ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்பேனரில் நட்டை இறுக்க வேண்டும்.

தோள்வார் மாட்டும் குமிழும் ஆடியது. மரத்தில் துளை பெரிதாகிவிட்டது. பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் அடைத்து, இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் ஸ்க்ரூவைக் கையாலேயே திருகினோம். எதையும் மிதமாக இறுக்குங்கள், மரம் பிளந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபயரை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா?

செலவு: ஒரு பெட்டி பல்குச்சி. ரிப்பேர்காரர் ஒருவர், அடுத்த ரிப்பேர்காரரை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. அதனால்தான் எழுபது வருஷம் கழித்து என் கைக்கும் அடங்கியது. தூக்கிப் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்பேனரைப் பிடித்தது பேரன்தான். இப்போது மாடியில் வாசிக்கிறான். எனக்குத்தான் மத்தியானத் தூக்கம் போச்சு!

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்