கரிசல் வீட்டின் உணவுச் சிக்கனம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகியவை விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்த வட்டங்கள். மழையை நம்பி வேளாண்மை செய்யும் இந்த வட்டாரத்தில், விளைந்த தானியத்தையும் சமைத்த உணவையும் வீணாக்காமல் பயன்படுத்தும் வழக்கங்கள் நெடுங்காலமாக இருந்தன. ஒரு நிலையில் மிஞ்சுவது அடுத்த நிலைக்குப் பொருளாக மாறும்படி அவை அமைந்திருந்தன. அவ்வழக்கங்கள் உருவான விதத்தையும், ஐம்பது ஆண்டுகளில் அவை தளர்ந்த காரணத்தையும், அவற்றில் இன்றைக்குப் பயன்படுவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் பருவமும்

இவ்வட்டாரத்தில் கரிசல் மண் மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. குண்டாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. கண்மாய் நிறைந்த ஊர்களில் நெல்லும், மானாவாரிக் காடுகளில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, பயறு வகைகளும் விளைந்தன. புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் அறுவடை. அந்த ஒரு வெள்ளாமையை வைத்தே அடுத்த தை வரை குடும்பம் உண்ண வேண்டும். மறுமழை பொய்த்தால் இருப்பு இரண்டாம் ஆண்டுக்கும் நீள வேண்டும். சிக்கனத்தின் அடிப்படைக் காரணம் இந்தக் கணக்குதான்.

தாது வருடப் பஞ்சம்

19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த இராமநாதபுரம் ஜமீனில் அடங்கியிருந்தது. 1876-இல் பருவமழை பொய்த்ததால் தொடங்கிய பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. தமிழ் ஆண்டான தாதுவில் தொடங்கியதால் அது தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. அண்டைச் சீமையான சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை அப்பஞ்சத்தைப் பாடுபொருளாக்கிப் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் நூலை இயற்றினார்.

1877-இன் தொடக்கத்தில், நிவாரணப் பணி செய்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சிறு காசும் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஒரு பிடி தானியம் உயிரின் அளவாக மாறிய அந்த ஆண்டுகள் பஞ்சக் கதைகளாகவும் கும்மிப் பாடல்களாகவும் தலைமுறைகளுக்குக் கடத்தப்பட்டன.

தானியத்தைக் காத்த முறைகள்

தானியம் சமையலுக்கு வருமுன் பூச்சியாலும் எலியாலும் ஈரத்தாலும் அழியும். இதைத் தடுக்க வீட்டுக்குள் குலுக்கை இருந்தது. வைக்கோல் கலந்து குழைத்த மண்ணால் உறை உறையாக உயர்த்திக் கட்டப்பட்ட கலம் அது. மேலே கொட்டி மூடி, வாயைச் சாணமும் மண்ணும் கொண்டு பூசிவிடுவர். அடியில் உள்ள துளையின் அடைப்பை எடுத்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்வர். பழைய தானியம் முதலில் வெளியேறுவதற்கும் இதே அமைப்பு உதவியது.

பயறுகளுடன் சாம்பல் கலப்பதும், வேப்பிலை, நொச்சியிலை போட்டு வைப்பதும் வழக்கம். துவரையைச் செம்மண் கரைசலில் பிசறி வெயிலில் காயவைத்து, பிறகு திருகையில் உடைத்துப் பருப்பாக்கினர். கம்பு இடித்துச் சுளகில் புடைத்தபின் கிடைக்கும் தவிடு மாட்டுக்கும், சிதறிய மணி கோழிக்கும் சென்றன.

அடுப்படியின் வரிசை

முதல் நாள் கிண்டிய கம்மஞ்சோற்றை உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடித்தனர். நெல்லுச்சோறு விசேட நாட்களுக்குரியதாக இருந்த வீடுகளில் மிஞ்சிய சோற்றை எறிவது நினைத்துப் பார்க்க முடியாத செயல். அதில் நீரூற்றிப் பழைய சோறாக்கினர். அந்த நீர் நீராகாரமானது.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. வெந்த சோறு அறையின் வெப்பத்தில் வெறுமனே கிடந்தால் சிலவகைப் பாக்டீரியாக்கள் பெருகி நச்சை உண்டாக்கும். அவற்றில் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பு ஏறுவதால் பல தீய நுண்ணுயிர்கள் பெருகுவது தடைப்படுகிறது. எனினும் சுத்தமான பானை, நல்ல தண்ணீர், மறுநாள் காலையிலேயே உண்பது ஆகிய மூன்றும் இதற்குத் தேவை.

மிஞ்சிய குழம்பு சுண்டக்குழம்பானது. புளித்த மாவு பணியாரமாகவும், புளித்த மோர் மோர்மிளகாயாகவும், பீர்க்கங்காய்த் தோல் துவையலாகவும் மாறின. கோடை வெயில் கிராமத்தின் பெரிய சேமிப்புச் சாதனம். விலை சரிந்து மலிந்த கத்தரிக்காய், சீனியவரை, தானே விளையும் மிதுக்கங்காய், சுண்டைக்காய் ஆகியவை வத்தலாயின. மிஞ்சிய சோறு வடகமாயிற்று. காய்கறி இல்லாத மாதங்களுக்கு இவையே தொடுகறி.

அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் ஆகியவை கழனித்தண்ணியாகச் சேர்ந்து மாட்டுத் தொட்டிக்குப் போயின. மாட்டுச் சாணம் குப்பைக்குழியில் மக்கி எருவாகிக் காட்டுக்குத் திரும்பியது. ஆகவே உணவுக் குப்பை என்ற தனிப்பொருள் வீட்டில் ஏறத்தாழ இல்லை.

சிக்கனத்தின் சுமை

இம்மரபை முழுவதும் நன்மையாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இடிப்பது, புடைப்பது, காயவைப்பது, கரைப்பது அனைத்தும் பெண்களின் உழைப்பு. எல்லோரும் உண்டபின் பானையில் எஞ்சியதை உண்டவர்களும் அவர்களே. எஞ்சாத நாளில் பட்டினி கிடந்தவர்களும் அவர்களே. நிலமுடைய வீடுகளில் மிஞ்சிய பழையது, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பண்ணையாட்களுக்கு வாசலுக்கு வெளியே ஊற்றப்பட்டது. ஒரு வீட்டின் சிக்கனம் இன்னொரு வீட்டுக்கு அவமானமாகவும் இருந்தது. 1965-இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்க நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். கூலி வேலையை நம்பிய குடும்பங்களுக்கு ஒருவேளை உணவின்றி இருப்பது புதிய செய்தியன்று.

மரபு தளர்ந்த விதம்

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. நியாயவிலைக் கடைகள் வழியே அரிசி சிற்றூர்களுக்கும் ஒழுங்காக வந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிவுபெற்றது. 2011 முதல் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. பஞ்சத்தின் அச்சம் நீங்கியது. இது பெரும் சாதனை.

அதேவேளையில் மிச்சம் போய்ச்சேரும் இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாதந்தோறும் அரிசி வந்ததால் குலுக்கை தேவையற்றுப்போனது. அரிசி அன்றாட உணவானதும் கம்பும் குதிரைவாலியும் பின்தள்ளப்பட்டன. குக்கரில் சோறு பொங்கியதால் வடிகஞ்சி இல்லாமல் போயிற்று. மாடு விற்கப்பட்ட வீட்டில் கழனித்தண்ணிக்கு வேலையில்லை. குளிர்சாதனப் பெட்டி உணவைக் காத்தது. மறந்துபோன உணவை மறைத்தும் வைத்தது. பெண்கள் பஞ்சாலைக்கும் பிற வேலைகளுக்கும் சென்றபின் வத்தல் போட நேரம் இல்லை. மக்களின் குணம் கெட்டது என்பதைவிட, மிச்சத்தை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு உடைந்தது என்பதே பொருத்தம்.

இன்றைய நிலை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானதாகவும் மதிப்பிடுகிறது. இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோல், எலும்பு போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இதில் அடங்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது 220 கிலோ ஆகிறது. மாதம் 20 கிலோ வீதம் ஓராண்டுக்குக் கிடைக்கும் விலையில்லா அரிசி 240 கிலோ. இரண்டையும் அருகருகே வைத்தால் இழப்பின் அளவு விளங்கும். விருதுநகர் மாவட்டம் 2018 முதல் நடுவண் அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் உள்ளது. ஊட்டச்சத்து அத்திட்டத்தின் கண்காணிப்பில் ஒன்று என்பதால் இது வெறும் குப்பைப் பிரச்சினையாக நிற்பதில்லை.

பழைய வாழ்க்கைக்குத் திரும்பாமலே அதன் கணக்கைப் பின்பற்றலாம். ஆள் எண்ணி உழக்கால் அளந்து உலை வைப்பது, பழைய இருப்பை முன்னால் வைப்பது, வாரம் ஒருநாள் மிச்சத்தைக் கொண்டே சமைப்பது, மிஞ்சிய சோற்றை உடனே நீரிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைப்பது ஆகியவை எளியவை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்றன. மாடில்லாத வீட்டில் தோலும் சக்கையும் உரத்தொட்டிக்குப் போனால் பழைய சங்கிலியின் கடைசிக் கண்ணி மீண்டும் இணையும். இவ்வேலைகளை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால், பழைய சிக்கனம் பெண்கள்மேல் ஏற்றிய சுமையும் திரும்பி வராது.