மஞ்சக்குடி முகாமும் நம் அறிவிப்புப் பலகையும்

சென்ற பொதுக்குழுக் கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் காலி பாட்டில்கள் கிடந்ததில் ஆரம்பித்த பேச்சு, "குடிக்கிறவர்கள் வீட்டைக் காலி செய்யட்டும்" என்பதில் போய் நின்றது. பாட்டில் போட்டவருக்கு அபராதம் போடலாம், அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? இதை யோசித்தபோது படித்த பழைய சரித்திரம் கொஞ்சம் நினைவுக்கு வந்தது. அதை எழுதுகிறேன்.

நான் வங்கியில் கிளார்க்காக இருந்தபோது உடன் வேலை பார்த்த ஒருவர், கணக்கில் புலி. காலையில் மட்டும் பேனா பிடிக்க முடியாமல் கை நடுங்கும். மெமோ கொடுத்தார்கள், பிறகு சஸ்பெண்ட் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஐம்பது வயதுக்குள் போய்விட்டார். அந்த நடுக்கம் திமிர் இல்லை, உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவர் மருத்துவ உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

நம் மாநிலத்தில் மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடையைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பிறந்ததுதான் விற்பனை வரி. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971ல் தளர்ந்தது, 1974ல் திரும்பியது, 1981ல் மறுபடி போனது. 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கடையைத் திறப்பதா மூடுவதா என்று இத்தனை வருடம் பேசினோம். ஏற்கெனவே நோயாளி ஆகிவிட்டவரை என்ன செய்வது என்று பேசியது குறைவு.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சென்னையில் ஒரு பெண்மணி, சாந்தி ரங்கநாதன். 1979ல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். மறு வருடமே, 1980ல், கணவர் பெயரில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான். குடிப்பவரை ஒழுக்கம் கெட்டவராகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்த்தார்கள். அவரோடு அவர் மனைவிக்கும் ஆலோசனை கொடுத்தார்கள். 1992ல் சாந்தி அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்கு அதிலும் பெரிதாகப் படுவது மஞ்சக்குடி. குடவாசல் பக்கத்தில் உள்ள கிராமம். கூலி வேலை செய்பவர் சென்னைக்குப் போய்த் தங்கிச் சிகிச்சை எடுக்க முடியாது. அதனால் 1989ல் மருத்துவரும் ஆலோசகரும் அந்தக் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். இடமும் சாப்பாடும் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. சுமார் இரண்டு வாரச் சிகிச்சை, குடும்பத்தாருக்கும் வகுப்பு, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. ஊரே சேர்ந்து கை கொடுத்ததால் குணமானவர் ஊருக்குள் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கவில்லை.

அதே 1989ல்தான் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு சேர்ந்தது. போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், சில வகை வழக்குகளிலிருந்து அவருக்கு விலக்கு கிடைக்க இது வழி செய்கிறது. மணிப்பூரில் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து எச்.ஐ.வி. பரவியபோது, 1996ல் அந்த மாநில அரசு, சுத்தமான ஊசி கொடுப்பதையும் தன் கொள்கையில் சேர்த்தது. போதையை ஆதரிப்பதற்காக இல்லை. நிறுத்தும் நாள் வரும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்காக.

பயந்து ஒளிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மெத்தனாலுக்கு முறிவு மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போக வேண்டும். கண் மங்கியதும் "போலீஸ் வருமோ, ஊர் சிரிக்குமோ" என்று வீட்டில் படுத்துக்கொண்டால் மருந்து எப்படி வேலை செய்யும்?

2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? நம்மைப் போன்ற குடியிருப்புகளில், சாத்திய கதவுக்குப் பின்னால்தான்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டையும் எழுதி வைப்போம். இரண்டு, அபராதம் பாட்டிலுக்கு இருக்கட்டும், யார் பெயரையும் பலகையில் போட வேண்டாம். மூன்று, கடலூர் அரசு மருத்துவமனைக்குத் துணைக்கு வர ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கானாலும் சரி, விஷயம் என்னோடு இருக்கும். அன்று சக ஊழியருக்குச் செய்யத் தவறியதை இன்றாவது செய்கிறேன்.