அரியலூரிலிருந்து அடையாறுக்கு

பெரம்பலூர்ப் பக்கம் முற்றுவது என்றால் நல்ல சேதி. மக்காச்சோளக் கதிர் முற்றினால் ஒடிக்கலாம், பருத்திக் காய் முற்றினால் வெடிக்கும். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் "முத்திப் போச்சும்மா" என்று சொல்லும்போதுதான் அதே சொல் குலை நடுங்க வைக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு பெரியாஸ்பத்திரிக்குப் போன இந்த வட்டாரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வார்த்தை அது. கேட்டதும், இனி செலவழித்து என்ன ஆகப்போகிறது என்று ஊருக்கு பஸ் ஏறிய குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

எவ்வளவு முற்றியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரேடியம் வைத்தியம் பரவிய காலத்தில், எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. 1929இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) நிபுணர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றைய வகுப்பும் அதன் வழி வந்ததே. அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கையுறை போட்ட மருத்துவரின் விரல்தான் முக்கியக் கருவி. கட்டி கர்ப்பப்பை வாயோடு நின்றால் முதல் நிலை. பக்கத்துத் திசுவுக்குள் இறங்கியும் இடுப்பெலும்புச் சுவரைத் தொடாமல் இருந்தால் இரண்டாவது. கட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரலுக்கு இடமே கிடைக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டால் மூன்றாவது. சிறுநீர்க் குழாய் நெரிந்து சிறுநீரகம் வீங்கினாலும் மூன்றாவதுதான். சிறுநீர்ப்பை, மலக்குடல், நுரையீரல் என்று போய்விட்டால் நான்காவது. முதல் நிலையில் வந்து சிகிச்சை பெறுபவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். உடலெங்கும் பரவிய பிறகு 20 பேர்கூடத் தேறுவதில்லை.

சில விரற்கடை தூரம் செய்கிற வித்தியாசம் இது. அந்த விரற்கடையைக் கூட்டியதில் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலிருந்த தூரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1995 வரை இந்த நிலப்பரப்பு முழுக்கத் திருச்சி ஜில்லா. அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. மாவட்டம் என்று பெயர் வருவதற்குள் எத்தனையோ வீடுகளில் எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைப்பட்டால் 'உடம்பு சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கண்டாலும் ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு, இடுப்புவலி தாங்காத நாளில்தான் வாய் திறப்பார்கள். அதற்குப் பிறகுதான் திருச்சி, தஞ்சாவூர், கடைசியில் ரயிலேறிச் சென்னை.

சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது. புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று விடாமல் போராடியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயால் இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். செத்துப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டதாக, பின்னாளில் அந்த மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் என்ன எண்ணம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி நடத்த, 1955இல் சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும் வரை அவருக்கு அதுதான் வீடு.

1950களின் பிற்பாதியில் கனடாவிலிருந்து, கதிர்வீச்சு தரும் கோபால்ட் இயந்திரம் அங்கே வந்தது. கதிர்வீச்சைக் கிராமத்தில் இன்றும் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்கள். வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் மட்டும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் சிகிச்சை. ஒன்றரை மாதம் ஊரில் இருக்க முடியாது. ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் நாளிலோ செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் அறுக்கும் நாளிலோ கூலியை விட்டுவிட்டு, கூட ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு தங்குவது லேசான காரியமா? பத்து நாள் போனதும் ரத்தப்போக்கு நின்று, வலி குறைந்து, நோயாளியே குணமாகிவிட்டது என்று நம்பி மூட்டை கட்டிவிடுவதும் உண்டு. பாதியில் விட்ட கரண்ட் கட்டியைச் சுருக்குமே தவிர வேரோடு எடுக்காது.

முழுதாக முடித்தவர்களுக்கு என்ன ஆனது? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதே மூன்றாம் நிலையில், கட்டி இடுப்புச் சுவரைத் தொட்ட 850 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றிக்கொண்டவர்களில் 54 பேர். "முத்திப் போச்சு" என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பிய வீடுகளை நினைத்தால் இந்த எண்கள் நெஞ்சை அறுக்கின்றன. முற்றிய நோயிலும் ஏறக்குறைய பாதிப் பேர்!

முற்றுவதற்கு முன்பே பிடிக்கும் வழியையும் தமிழ்நாட்டுக் கிராமங்களே நிரூபித்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களைச் சோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே உறைய வைத்து நீக்கும் சிகிச்சை தரவும் வழி இருந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. 2007இல் வெளிவந்த முடிவு இது.

அதே ஆண்டு தமிழக அரசு இந்தச் சோதனைக்கான முன்னோடித் திட்டத்தைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் எடுத்துக்கொண்டது. தஞ்சாவூர் கொள்ளிடத்துக்கு அந்தக் கரை. இந்தக் கரை அரியலூர். ஆற்றைக் கடந்து மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவ 2012 ஆயிற்று.

குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருப்பவர்களின் கதை வேறு. 1985இன் போதைப்பொருள் சட்டம், வலியைத் தணிக்கும் மார்பினை உரிமங்களுக்குள் பூட்டியது. 2014இல் வந்த திருத்தம்தான் அந்தப் பூட்டைத் தளர்த்தியது. வலியில் துடித்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருந்தார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களின் வீட்டுக்கே செவிலியர் வருகிறார். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தது.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இந்த நோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு 35, 40 வயது இருக்கும். மகளுக்குப் போடுகிற ஊசி அம்மாவைக் காப்பாற்றாது. மகளைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற அன்றைக்கே, அவளையும் உட்காரவைத்து அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்து அனுப்ப வேண்டும்.